அக்கா நிறுத்திய இடம்

கதவைத் திறந்ததும் அதிமதுர வாசனை அடித்தது.

எனக்குப் பழகிய வாசனைதான். வாசிக்க உட்காருவதற்கு முன்னால் என் அக்கா ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வாள். தொண்டை வறளாது என்பாள். ஆனால் அவள் இந்தப் பக்கம் வந்தே பல வாரம் ஆகியிருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு வாசனையைப் பிடித்து வைத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒலிப்பதிவுக்கூடம் என்று பேர்தான் பெரிது. அது ஒரு பழைய வீடு. ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் கண்ணாடி அறுக்கும் கடை. முன்னறையில் மெஷின்கள், உள்ளறையில் மைக், நடுவில் ஆள் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளறைச் சுவரெல்லாம் பஞ்சு, அதன் மேல் கறுப்புத் துணி. ஃபேன் கிடையாது, டியூப்லைட் கிடையாது. இரண்டும் முனகும், மைக் அதைப் பிடித்துவிடும். பக்கத்தின் மேல் மட்டும் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு. நட்ட நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இருட்டிவிடும். வெளியே இடி விழுந்தாலும் கேட்காது.

அந்தக் கூடத்தை நடத்துபவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் காலையில் சாப்பிட்டாரா, இல்லையா என்று வயிற்றுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"வா தங்கச்சி. அக்கா எப்படி இருக்கா?"

"இருக்கா, அண்ணே."

"மிச்சத்தை நீ படிச்சுக் குடுக்க அவ சம்மதிச்சாளே. அதுக்கே பெரிய மனசு வேணும்."

நான் தலையை ஆட்டினேன். அக்கா சம்மதிக்கவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவே இல்லை.

அக்கா கதை வாசிப்பவள். ஆடியோ புத்தகம் என்கிறார்களே, அந்த வேலை. பஸ்ஸில் தொங்குகிறவர்கள், வீடு பெருக்குகிறவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லோரும் அவள் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள். எனக்கும் அதே குரல்தான். அச்சு அசல். போனில் பேசினால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா பேச்சையே ஆரம்பிப்பாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குரல் தேர்வுக்குப் போனோம். அவளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு கம்பெனியில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு குரல் உங்கள் பொறுமையைச் சோதிக்குமே, அது நான்தான். நீங்கள் திட்டியதெல்லாம் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தது.

பொறாமை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அக்கா வாசித்துக்கொண்டிருந்தது விக்டோரியா காலத்து நாவல் ஒன்று. தமிழில் பெயர்த்துத் தலையணை தடிமனுக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு 'நான்' என்று ஆரம்பித்துத் தன் கதையைத் தானே சொல்வதில் அப்படி ஓர் ஆசை. நான் பிறந்தேன், நான் வளர்ந்தேன், நான் அந்தப் பெரிய வீட்டுக்குப் போனேன் என்று பேசிக்கொண்டே போவார்கள். நடுநடுவே 'வாசகரே, என்னை நம்புங்கள்' என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த நாவலில் 'நான்' ஒரு பணக்காரப் பெண், நோயாளி. அவள் படுக்கையில் கிடந்தபடி தன் கதையைச் சொல்லச் சொல்ல, துணைக்கு வந்த தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள்.

"இது சும்மா படிக்கறது இல்லடி," என்பாள் அக்கா. "'நான்'னு சொல்லும்போது நிஜமாவே அவளா ஆயிடணும். கேக்கறவங்களுக்கு என் மூஞ்சி ஞாபகத்துக்கே வரக் கூடாது."

முக்கால்வாசி வாசித்திருந்தபோது அவள் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை, பேச்சு போய்விடும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு.

அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் புத்தகத்தை முடிச்சிடறேன்டி. காலையில கொஞ்ச நேரம் குரல் நல்லாத்தான் இருக்கு. காதுகிட்ட போய்க் கேட்டுட்டு வா."

நான் போனேன். தெருமுனை வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"மெஷின் ரிப்பேராம்க்கா. பார்ட்ஸ் வரணுமாம்."

தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னது உண்மை. அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அடிமனசில் இருந்தது வேறு. அந்தக் கடைசிக் கால்வாசி எனக்கு வேண்டும். ஆடியோ புத்தகம் போடுகிற கம்பெனிக்குத் தேவை ஒரே குரல், அதனால் அக்கா பெயரைத்தான் போடுவார்கள், என் பெயர் எங்கேயும் வராது. பரவாயில்லை. ஒரே ஒரு முறை, அத்தனை பேர் காதிலும் நான் இருக்க வேண்டும்.

அக்கா தினமும் கேட்டாள். "மெஷின் சரியாச்சா?" இன்னும் இல்லக்கா. "இன்னிக்காவது?" இல்லக்கா. ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் தலையைத் திருப்பி அதையேதான் கேட்டாள்.

அவள் வாயால் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

"அக்கா நிறுத்தின இடத்தைப் போடறேன்," என்றார் காது, நான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஹெட்போன் வழியாக. "அதே சுருதியில புடிச்சுக்கோ."

வாசிப்பில் இதுதான் வழக்கம். எங்கே நின்றதோ, அதற்கு முந்தைய வரிகளைக் காதில் ஓடவிடுவார்கள். அதே வேகத்தில், அதே குரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

காதில் அக்கா பேசினாள். முழுக் குரலோடு.

"அன்று மாலை யாரோ மாடிப்படி ஏறி வருவது கேட்டது. நான் கதவைத் திறந்தேன். அங்கே நின்றவள்..."

அதோடு நின்றிருந்தது. தொண்டை கட்டிக்கொண்டு அவள் எழுந்து போன இடம். நான் பக்கத்தைப் பார்த்துத் தொடர்ந்தேன்.

"...என் உடையை அணிந்திருந்தாள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது கட்டைவிரலை உயர்த்தினார். "அடேயப்பா! ஒட்டுப் போட்ட இடமே தெரியலயே!"

வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

சில நாள் கழித்து, நான் போனதும் அவர் என்னை மைக்குக்கு விடவில்லை. முன்னறையிலேயே உட்காரவைத்தார்.

"தங்கச்சி, மூச்சு விடும்போது உனக்கு மூக்குல விசில் அடிக்குமா?"

"எனக்கா? இல்லையே."

"இதைக் கேளு."

என் வாசிப்பைப் போட்டார். வரி முடிகிற இடங்களில், அடுத்த வரி தொடங்குவதற்கு முன்னால், மெல்லிசாக ஒரு மூச்சு. அதன் வாலில் சின்னதாக ஒரு விசில். சின்ன வயசிலிருந்து ஒரே பாயில் படுத்தவள் நான். அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவேன்.

"அது அக்கா மூச்சு, அண்ணே."

காது நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, தப்பு என்மேல! பழைய மௌனத்தை ஒட்டிட்டேன்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் எங்களைக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லி, அந்த மௌனத்தையும் பதிவு செய்வார்கள். எந்த அறையும் முழு அமைதி கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரைச்சல் உண்டு. பிறகு இருமல், தும்மல், தாள் புரட்டும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்த இடத்தில் இந்த மௌனத்தை வைத்து ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் கேட்கிறவருக்குத் திடீர் திடீரென்று காது அடைத்த மாதிரி இருக்கும். காது என்ன செய்திருந்தார் என்றால், என் வாசிப்பும் அக்கா வாசிப்பும் ஒரே மாதிரி கேட்க வேண்டுமே என்று, அக்கா கடைசியாக வந்த அன்று எடுத்த மௌனத்தையே என் வரிகளுக்கு நடுவிலும் ஒட்டிவிட்டார். அந்த மௌனத்தில் அக்கா உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை யோசிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுடறேன். புதுசா எடுப்போம். ஆளே வேணாம், காலி ரூமை எடுக்கறேன்."

உள்ளறைக் கதவைச் சாத்தினார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். மைக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து முடித்து, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

ஒன்றுமில்லை.

அறையின் இரைச்சல் மட்டும்.

பிறகு, விசில்.

காது ஹெட்போனைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெளியில ஏதாவது குருவியா இருக்கும்," என்றார். இடி விழுந்தாலும் கேட்காத அறை அது. கட்டியவரே அவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துளையை மூடிய வெள்ளைத் துணி மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. இப்போது மூக்கால் அவள் மூச்சே விடுவதில்லை. என்னைப் பார்த்ததும் சிலேட்டை எடுத்தாள். பேச்சுக்குப் பதில் அந்தச் சிலேட்டுத்தான்.

"மெஷின்?" என்று எழுதிக் காட்டினாள்.

"இன்னும் இல்லக்கா."

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். "சரியானதும் வேற யாரையாவது வெச்சு முடிக்கச் சொல்லு. யார்னு மட்டும் எனக்குச் சொல்லிடு." இன்னொரு தடவை அழித்தாள். "என் புத்தகத்தை அவங்ககிட்ட குடு. மூச்சு எடுக்கற இடமெல்லாம் குறிச்சிருக்கேன்."

அந்தப் புத்தகம் என் பைக்குள் இருந்தது. அவள் அலமாரியிலிருந்து நான் என்றைக்கோ எடுத்தாயிற்று. பையைத் தோளிலிருந்து இறக்காமலே, சரிக்கா என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இன்னும் ஓர் அத்தியாயம்தானே, முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா!

மறுநாள், கடைசி அத்தியாயம்.

அன்று அதிமதுர வாசனை மூக்கை அடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது.

"நீ கடைசியா நிறுத்தின இடத்தைப் போடறேன்," என்றார் காது.

நான் கடைசியாக வாசித்த வரி ஓடியது. முடிந்தது. நான் மூச்சை இழுத்து வாயைத் திறக்கப் போனேன்.

காதில் குரல் நிற்கவில்லை.

அடுத்த வரிக்குப் போனது. இன்னும் யாருமே வாசிக்காத வரி. பென்சிலால் குறித்திருந்த இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு அதற்கடுத்த வரிக்கும் போனது. கண்ணாடி வழியாகக் காதைப் பார்த்தேன். மெஷினை நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினேன். என் கை விளக்கு வெளிச்சத்துக்குள் வரவில்லை போலிருக்கிறது. அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். பதிவாகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் உள்ளுக்குள் துடித்தது.

எந்தப் புத்தகத்தையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் அக்கா மைக்குக்கு முன்னால் உட்காருவாள். நான் சோம்பேறி. அன்றன்றைக்குப் பக்கத்தை அன்றன்றைக்குப் பார்ப்பவள். அதனால் அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. அக்கா குரல்தான் சொன்னது.

"வாசகரே, நெடுநேரமாக உங்களிடம் பேசிக்கொண்டிருப்பவள் அவள் அல்லள். அவள் பேச முடியாமல் போய் வெகு நாளாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த தோழி நான். அவளுடைய அறையை எடுத்துக்கொண்டேன். அவளுடைய உடையை எடுத்துக்கொண்டேன். 'நான்' என்று அவள் சொல்லும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்."

குரலில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை.

ஓர் எழுத்து பிசகாமல் கடைசிப் பக்கம் வரை வாசித்தது.

கதவைத் திறந்துகொண்டு காது உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரே மூச்சுல முடிச்சிட்ட தங்கச்சி! அப்படியே அக்காதான். நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து அவளுக்குப் போட்டுக் காட்டறேன்."

"வேணாம் அண்ணே," என்றேன். குரல் பாதிதான் வந்தது. "இன்னிக்கு நானே... நானே காட்டிடறேன்."

அந்தக் கடைசி அத்தியாயத்தை என் போனில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலில் இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மெஷின் ரிப்பேரே ஆகலக்கா," என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். உன்னைப் போக விடல. மிச்சத்தை நானே படிச்சேன், உன்னை மாதிரி. உன் கடைசிப் பேச்சைத் திருடிட்டேன்க்கா. என்னை என்ன வேணா பண்ணு."

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது என் குரல். அக்கா முகத்தில் ஆச்சரியமே இல்லை. சிலேட்டில் எழுதினாள்.

"போடு."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் உதடு கூடவே அசைந்தது. ஒரு வார்த்தை கூடப் பிந்தவில்லை. முடிந்ததும் எழுதினாள்.

"இதுல நீ எங்கே?"

"மத்ததெல்லாம் நான்தான்க்கா. அந்தக் கடைசி அத்தியாயம்தான்..."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கீழே எழுதினாள்.

"தினமும் வந்தேன்."

பிறகு சிலேட்டைத் துணியால் நிதானமாகத் துடைத்தாள். துடைத்து என் மடியில் வைத்தாள்.

வாயைத் திறந்தாள்.

உதடுகள் அசைந்தன.

"அம்மா," என்றது என் தொண்டை.

நான் பேசவில்லை. சத்தியமாக நான் பேசவில்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்டது. ஈரக் கையோடு அம்மா ஓடி வந்தாள். அவள் பார்த்தது பெரியவளின் உதட்டை. சின்னவள் தரையில் தலை குனிந்து கிடந்ததை அவள் எங்கே பார்த்தாள்!

"பெரியவளே! பேசிட்டியாடி! கண்ணே, பேசிட்டியா! இன்னொரு தடவை சொல்லுடி!"

அக்காவின் உதடு அசைந்தது.

"ஆமாம்மா. நான்தான்," என்றது என் தொண்டை.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இது சின்னவள் குரலம்மா, பேசுவது நான் என்று கத்த வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. அம்மாவின் தோளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டி என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

போன் வேலையை விட்டுவிட்டேன். பெரியவளுக்குப் பேச்சு வந்த அதிர்ச்சியில் சின்னவளுக்குப் போய்விட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். டாக்டர் அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு வழியே இல்லையே என்று தலையைச் சொறிந்தார். அக்கா இப்போது புதுப் புத்தகம் வாசிக்கிறாள். நான் கூடப் போய் இருட்டில் பக்கத்தில் உட்காருகிறேன். காதுக்கு எல்லாம் கேட்டிருக்கும், மனிதர் வாயே திறப்பதில்லை. நேற்று மௌனம் எடுத்துப் போட்டுக் காட்டியபோது மட்டும் என்னைப் பாவமாகப் பார்த்தார். விசில் என் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குரல் போனால் போகட்டும், கை என்னுடையதுதானே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்திலாவது 'நான்' என்றால் அது நானாக இருக்கும் என்று நினைத்தேன். வாசகரே, என்னை நம்புங்கள்.

சற்று முன்புதான் என் வாய் அசையத் தொடங்கியது. அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இந்தத் தாள்களை நான் அவளுக்குக் காட்டவில்லை. 'கதவைத் திறந்ததும் அதிமதுர வாசனை அடித்தது' என்று வாய் முதல் வரியிலிருந்து வாசிக்கிறது. அவள் வேகத்தில், எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு. இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இந்த வரிக்கு வந்துவிட்டது.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வாய் அடுத்த வரியை வாசித்துக்கொண்டிருக்கிறது.